இண்டியானா ஜோன்ஸ் மீண்டும் வந்தபோது: ஐந்து படங்களையும் முறையாகப் பார்ப்பது எப்படி

1989-இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சியில், தொல்லியல் பேராசிரியரும் சாகசக்காரருமான இண்டியானா ஜோன்ஸ் மறையும் சூரியனை நோக்கிக் குதிரையில் சென்றபோது, அந்த வரிசை அத்துடன் நிறைவடைந்துவிட்டது என்றே பலரும் எண்ணினார்கள். 19 ஆண்டுகள் கழித்து, 2008-இல், நான்காம் பாகம் வந்தது. அதற்கும் 15 ஆண்டுகள் கழித்து, 2023-இல், ஐந்தாம் பாகம் வந்தது. இவ்வளவு நீண்ட காத்திருப்புக்குப் பின் வரும் படத்தை எப்படி அணுகுவது என்பது எளிய கேள்வி அல்ல. பழைய படங்களைச் சிறு வயதில் பார்த்தவர்கள் மங்கிய நினைவோடு நேரே புதிய படத்துக்குச் சென்று ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். பழையவற்றைப் பார்த்திராத இளைஞர்களோ, திரையில் ஒருவர் ஒரு தொப்பியை எடுத்து அணிந்துகொண்டதற்கு அருகில் இருப்பவர்கள் ஏன் கைதட்டுகிறார்கள் என்று புரியாமல் விழிக்கிறார்கள்.

பின்னால் வந்த இரண்டு படங்களும் அடிப்படையில் முதுமையைப் பற்றிய படங்கள் என்பது என் உறுதியான கருத்து. முதல் மூன்று படங்களில் ஓடியும் விழுந்தும் அடிபட்டும் நாம் கண்ட அந்த உடலையும் அந்த மனத்தையும் காலம் என்ன செய்திருக்கிறது என்பதுதான் அவற்றின் உண்மையான கதை. ஆகவே, கடந்துபோன காலத்தை நாமும் உணரும்படி ஐந்து படங்களையும் அமைத்துக்கொண்டு பார்த்தால், முன்பு வெறும் நகைச்சுவையாகவோ வெறும் ஓட்டமாகவோ தோன்றிய பல காட்சிகள் கனம் பெறுகின்றன. அப்படிப் பார்ப்பதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கதையின் முக்கியமான புதிர்களை இயன்றவரை அவிழ்க்காமல் விட்டிருக்கிறேன்.

எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில்

முதலில் தீர்மானிக்க வேண்டியது வரிசை. கதை நிகழும் ஆண்டைக் கொண்டு அடுக்கினால், 1984-இல் வெளிவந்த 'டெம்பிள் ஆஃப் டூம்' முதலில் வர வேண்டும். ஏனெனில் அதன் கதை 1935-இல் நடக்கிறது. 1981-இல் வெளிவந்த முதல் படமான 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' 1936-இல் நடக்கிறது. அடுத்து 1938-இல் நடக்கும் 'லாஸ்ட் குருசேட்', 1957-இல் நடக்கும் 'கிங்டம் ஆஃப் தி கிரிஸ்டல் ஸ்கல்', 1969-இல் நடக்கும் 'டயல் ஆஃப் டெஸ்டினி' என்று அந்த அடுக்கு நீளும். சிலர் இந்தக் கதை வரிசையைப் பரிந்துரைப்பதுண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியான வரிசையிலேயே பாருங்கள்.

இதற்கு ஒரு தெளிவான சான்று உண்டு. முதல் படத்தில், கெய்ரோவின் சந்தைத் தெருவில் கறுப்பு உடை அணிந்த ஒருவன் பெரிய வாளைச் சுழற்றிச் சுழற்றி வித்தை காட்டிக்கொண்டு நிற்பான். ஜோன்ஸ் சலிப்போடு அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுவார். அங்கே நீண்ட வாள், சாட்டைச் சண்டை ஒன்றைப் படமாக்கவே திட்டமிட்டிருந்தார்கள். துனிசியாவில் படப்பிடிப்பு நடந்தபோது, ஜோன்ஸாக நடிக்கும் ஹாரிசன் ஃபோர்டுக்குக் கடுமையான வயிற்றுக்கடுப்பு ஏற்பட்டிருந்ததால் அந்தச் சண்டை சுருங்கி இந்த ஒரு கணமாயிற்று. இரண்டாம் படத்தில் அதே ஜோன்ஸ் முன்பாக வாளோடு இருவர் வந்து நிற்கிறார்கள்; அவர் புன்னகையோடு இடுப்புக்குக் கையைக் கொண்டுபோகிறார்; உறையில் துப்பாக்கி இல்லை. கதைப்படி இரண்டாவதாகச் சொன்னதுதான் முன்பு நடந்தது என்றாலும், முதல் படத்தைப் பார்த்திராதவருக்கு அந்தப் புன்னகையும் இல்லை, அந்த அதிர்ச்சியும் இல்லை. இந்தப் படங்களை எடுத்தவர்கள் வெளியான வரிசையை நம் மனத்தில் வைத்தே ஒவ்வொன்றையும் அமைத்திருக்கிறார்கள்.

இடைவெளி குறித்தும் ஒரு சொல். ஐந்தையும் ஒரே வார இறுதியில் தொடர்ந்து பார்த்துவிடாதீர்கள். 1930-களிலும் 40-களிலும் அமெரிக்கத் திரையரங்குகளில் வாரம் ஓர் அத்தியாயமாக ஓடிய சாகசத் தொடர்படங்களை மனத்தில் வைத்துத்தான் ஜார்ஜ் லூகாஸ் இந்த நாயகனை உருவாக்கினார். நாயகன் மரணத்தின் விளிம்பில் நிற்கும்போது அத்தியாயம் முடியும். அடுத்த வாரம் அவன் எப்படித் தப்பினான் என்று தெரியவரும். அந்தத் தாளம் இந்தப் படங்களின் உள்ளேயே இருக்கிறது. ஆகவே முதல் மூன்று படங்களையும் வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்து முடியுங்கள். அதன்பின் ஒரு மாதமாவது நிறுத்துங்கள். மூன்றாம் படத்துக்கும் நான்காம் படத்துக்கும் இடையே உலகம் 19 ஆண்டுகள் காத்திருந்தது. அந்த இடைவெளியின் ஒரு சிறு பகுதியாவது உங்களுக்கும் இருந்தால்தான், திரும்பி வரும் முகத்தில் உள்ள சுருக்கங்கள் உங்களைத் தொடும்.

தேடும்போது ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். முதல் படத்தின் திரைத் தலைப்பில் 'இண்டியானா ஜோன்ஸ்' என்ற பெயரே கிடையாது. பிற்காலத்தில் விற்பனைக்கு வந்த பதிப்புகளின் உறைகளில்தான் அந்தப் பெயரை முன்னால் சேர்த்தார்கள். இரண்டும் ஒரே படம்தான். முதல் நான்கு படங்களும் 2021-இல் புதுப்பிக்கப்பட்டு 4கே தரத்தில் வெளிவந்தன. கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மொழிமாற்றுப் பதிப்பைக் காட்டிலும், வசன வரிகளோடு மூல ஒலியில் பார்ப்பதே இந்த வரிசைக்குப் பொருந்தும். ஐந்தாம் படத்தில் ஃபோர்டின் முகத்தைக் கணினியால் இளமையாக்கியிருக்கிறார்கள். குரலை அப்படி மாற்ற முடியவில்லை. அந்தக் குரல் 42 ஆண்டுகளில் எப்படிக் கரகரத்துத் தாழ்ந்திருக்கிறது என்பது, முதல் படத்திலிருந்தே அதைக் கேட்டு வந்தவருக்குத்தான் தெரியும்.

முதல் படம்: இங்கேதான் பொறுமையாக இருக்க வேண்டும்

ஐந்து படங்களிலும் முதல் படத்துக்கே மிகுந்த கவனத்தை ஒதுக்குங்கள். பின்னால் வரும் நான்கும் இதன் மேல்தான் நிற்கின்றன.

தொடக்கக் காட்சியை மட்டும் தனியாக இருமுறை பாருங்கள். பாரமவுண்ட் நிறுவனத்தின் மலைச் சின்னம் கரைந்து ஓர் உண்மையான மலையாக மாறுகிறது. காட்டுக்குள் ஒருவர் நடந்து போகிறார். நமக்கு அவருடைய முதுகும் தொப்பியும் மட்டுமே தெரிகின்றன. பின்னால் ஒருவன் துப்பாக்கியை உருவுகிறான். சாட்டை பறந்து அதைத் தட்டிவிடுகிறது. அப்போதுதான் அந்த மனிதர் நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு ஓர் அடி எடுத்து வைக்கிறார், முகம் தெரிகிறது. குகைக்குள் பொன் சிலையின் முன்னால் வந்து நின்றதும் அவர் தாடையைத் தடவிக்கொண்டு அதன் எடையை மதிப்பிடுகிறார். கையில் இருக்கும் மணல் பையிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்துக் கொட்டுகிறார். விரல்கள் பரபரக்கின்றன. சிலையை எடுத்த அதே கணத்தில் பையை அந்த இடத்தில் வைக்கிறார். வென்றுவிட்டோம் என்ற நிறைவு முகத்தில் படரும் நேரத்தில் பீடம் மெல்லக் கீழே இறங்குகிறது. அந்த ஒரு பிடி மணலில் இந்தப் பாத்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது: நுட்பமான அறிவு, தன் மேல் அளவு கடந்த நம்பிக்கை, கடைசி நொடியில் பிழைபட்டுவிடும் கணக்கு, அதன் பிறகு ஓட்டம். உருண்டு வரும் பெரும் பாறைக்கு முன்னால் ஃபோர்டே ஓடினார். அந்தப் பாறை கண்ணாடி இழையால் செய்யப்பட்டது. அதன் உறுமலை ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், சரளைக் கல் பரப்பில் ஒரு காரை உருளவிட்டுப் பதிவுசெய்தார். இவ்வளவு பாடுபட்டு வெளியே கொண்டுவந்த சிலையையும் பெல்லோக் என்ற போட்டியாளர் பிடுங்கிக்கொள்கிறார். நாயகன் தோற்றுப்போவதோடுதான் இந்த வரிசை தொடங்குகிறது என்பதை மறக்காதீர்கள். பின்னால் வரும் படங்களைப் பார்க்கும்போது அது உதவும்.

அடுத்து, வகுப்பறைக் காட்சி. சாட்டையை வைத்துவிட்டுக் கண்ணாடியும் கழுத்துப்பட்டையும் அணிந்த பேராசிரியராக ஜோன்ஸ் பாடம் நடத்துகிறார். முன் வரிசை மாணவியர் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிறு நகைச்சுவையாகத் தோன்றும் இந்தக் காட்சியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் வந்த படத்தில் இதே பேராசிரியர் வேறொரு வகுப்பறையில் நிற்கும்போது, நினைவில் இருப்பவருக்கு நெஞ்சு கனக்கும்.

மூன்றாவதாக, லாரித் துரத்தல். விவிலியம் சொல்லும் புனிதப் பெட்டியான உடன்படிக்கைப் பேழையை ஏற்றிக்கொண்டு போகும் நாஜிகளின் லாரியைக் குதிரையில் துரத்திப் பிடித்து, அதன் மேல் தாவி, முன்கண்ணாடி வழியாக வெளியே எறியப்பட்டு, லாரியின் அடியில் நழுவி, சாட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுபட்டு, மறுபடியும் மேலே ஏறி வருகிறார் ஜோன்ஸ். லாரிக்கு அடியில் போனவர் டெரி லியனார்ட் என்ற சண்டைக் கலைஞர். அவர் உடல் நசுங்காமல் போவதற்காகச் சாலையின் நடுவில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். 1939-இல் வெளிவந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தில் யக்கீமா கனட் என்ற முன்னோடிக் கலைஞர் ஓடும் குதிரை வண்டியின் அடியில் நழுவிக் காட்டிய சாகசத்துக்கு இது செலுத்தும் வணக்கம். முதல் முறை இந்தக் காட்சியை இயல்பாகப் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஸ்டீவன் சோடர்பெர்க் என்ற இயக்குநர் இந்தப் படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கி, மூல ஒலியை நீக்கி, காட்சி அமைப்பைப் பயில்வதற்காகவே 2014-இல் பொதுவில் வைத்தார். அப்படிப் பார்க்கும்போது, யார் எங்கே இருக்கிறார், லாரி எந்தத் திசையில் போகிறது, அடுத்த அபாயம் எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு கணமும் குழப்பம் வராமல் இந்தப் படத்தின் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் படத்தொகுப்பாளர் மைக்கேல் கானும் காட்சியைக் கட்டியிருப்பது விளங்கும். பிற்காலப் படங்களின் துரத்தல்களை அளப்பதற்கு உங்களிடம் இப்போது ஓர் அளவுகோல் இருக்கிறது.

நான்காவது, கப்பல் அறைக் காட்சி. அத்தனை அடியும் வாங்கிய ஜோன்ஸ் உடல் முழுவதும் வலியோடு படுத்திருக்கிறார். அவருடைய முன்னாள் காதலி மரியன் மருந்திட முயல்கிறாள். நீ முன்பு இருந்த ஆள் இல்லை என்கிற பொருளில் அவள் சொல்ல, தன்னைத் தேய்த்தவை கழிந்த ஆண்டுகள் அல்ல, ஓடிய தூரமே என்கிற பொருளில் அவர் விடை சொல்கிறார். தொட்ட இடமெல்லாம் வலிக்கிறதென்றால் எங்கேதான் வலிக்கவில்லை என்று அவள் கேட்க, அவர் முழங்கையைச் சுட்டிக் காட்டுகிறார். இந்தக் காட்சியை வரி வரியாக நினைவில் நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்கிறேன். காரணத்தை ஐந்தாம் படம் தானே சொல்லும். இங்கே பின்னணியில் ஒலிக்கும் மென்மையான மெட்டையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். மரியனுக்காக ஜான் வில்லியம்ஸ் எழுதிய அந்த மெட்டு நான்காம் படத்திலும் ஐந்தாம் படத்திலும் அவளோடு திரும்பி வருகிறது.

கடைசியாக, மரப்பெட்டிகள் முடிவின்றி அடுக்கப்பட்ட கிடங்கைக் காட்டும் இறுதிக் காட்சி. அதில் பெரும்பகுதி மைக்கேல் பாங்ராட்சியோ என்ற ஓவியர் வரைந்த ஓவியம். 2008-இன் படம் தொடங்குவது இதே போன்ற ஒரு கிடங்கில்தான்.

இரண்டாம் படம்: தவிர்க்க வேண்டாம், ஆனால் விளக்கத்தோடு பாருங்கள்

'டெம்பிள் ஆஃப் டூம்' இந்தியப் பார்வையாளர்களுக்கு எளிதான படம் அல்ல, எனக்கும் அல்ல. கதை இந்தியாவில் நடக்கிறது. ஆனால் திரைக்கதை நாட்டைத் தவறாகச் சித்தரிக்கிறது என்று கருதிய இந்திய அரசு மாற்றங்களைக் கேட்டதால், படப்பிடிப்பு இலங்கையின் கண்டிப் பகுதிக்கு மாறியது. ஊர் மக்கள் சிங்களம் பேசுவதற்குக் காரணம் அதுதான். புகழ்பெற்ற கயிற்றுப் பாலக் காட்சி மகாவலி ஆற்றின் பள்ளத்தாக்கில், விக்டோரியா அணைக்கு அருகே எடுக்கப்பட்டது. காளி வழிபாட்டை நரபலியாகவும், அரண்மனை விருந்தைக் குரங்கு மூளையும் வண்டுகளுமாகவும் காட்டியிருப்பதை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன். அவை அறியாமையிலிருந்து பிறந்த, புண்படுத்தும் கற்பனைகள். சிறுவர்களோடு பார்க்கும்போது அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே பாருங்கள். இதயத்தைக் கையால் பிடுங்கும் காட்சி இருப்பதால் மிகவும் சிறிய குழந்தைகளுக்கு இந்தப் படம் வேண்டவே வேண்டாம். இந்தப் படமும் அதே ஆண்டில் வந்த 'கிரெம்லின்ஸ்' படமும் எழுப்பிய எதிர்ப்பினால்தான் அமெரிக்காவில் 13 வயதை எல்லையாகக் கொண்ட புதிய தணிக்கைப் பிரிவே 1984 ஜூலையில் உருவாயிற்று.

இருந்தாலும் இதைத் தவிர்த்துவிடக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. மோலா ராமாக நடித்த அம்ரீஷ் பூரி, இந்த வேடத்துக்காகத் தலையை மழித்துக்கொண்டு, இந்த வரிசையிலேயே மிகவும் அச்சமூட்டும் எதிர்நாயகனைத் தந்திருக்கிறார் என்பது ஒன்று. மற்றொன்று, ஜோன்ஸின் உடல் உண்மையிலேயே தேயத் தொடங்கியது இங்கேதான் என்பது. படப்பிடிப்பின்போது ஃபோர்டுக்கு முதுகுத் தண்டில் வட்டு விலகி, அவர் லாஸ் ஏஞ்சலிஸுக்குச் சென்று அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. அதுவரை அவருக்குப் பதிலாக விக் ஆம்ஸ்ட்ராங் என்ற சண்டைக் கலைஞரை வைத்துப் பல வாரங்கள் படமெடுத்தார்கள். பின்னாளில் 65 வயதிலும் 80 வயதிலும் அதே உடல் மறுபடி திரைக்கு வந்ததை எண்ணிப் பார்க்கும்போது இந்தத் தகவலுக்கு வேறொரு பொருள் கிடைக்கிறது. ஷார்ட் ரவுண்ட் என்ற சிறுவனாக நடித்த கே ஹுய் குவானும் நினைவில் நிற்க வேண்டியவர். 2023 மார்ச்சில் அவர் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற அதே மேடையில், சிறந்த படத்துக்கான விருதை அறிவித்தவர் ஹாரிசன் ஃபோர்ட். இருவரும் அங்கே தழுவிக்கொண்டதைப் பார்த்து நெகிழாத ரசிகர் இருக்க முடியாது.

மூன்றாம் படம்

'லாஸ்ட் குருசேட்' பார்ப்பதற்கு எந்த முன்னேற்பாடும் தேவையில்லை. அது தன்னைத் தானே பார்க்கவைக்கும் படம். ஆயினும் இரண்டு குறிப்புகளைச் சொல்லிவிடுகிறேன்.

1912-இல் நடக்கும் தொடக்கப் பகுதியில், ரிவர் ஃபீனிக்ஸ் நடித்த இளம் ஜோன்ஸுக்குத் தொப்பி, சாட்டை, தாடையில் தழும்பு, பாம்பின் மேல் அச்சம் ஆகிய நான்கும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. ஒரு பாத்திரத்தின் கடந்த காலத்தை இவ்வளவு விரைவாக, ஒரு ரயிலின் நீளத்துக்குள் சொல்லி முடித்த வேறொரு தொடக்கத்தை நான் பார்த்ததில்லை.

ஜோன்ஸின் தந்தையாக நடித்த ஷான் கானரி, ஃபோர்டை விட 12 வயதே மூத்தவர். இந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1977-இல் ஹவாய்க் கடற்கரையில் லூகாஸோடு பேசிக்கொண்டிருந்தபோது, தனக்கு ஜேம்ஸ் பாண்ட் படம் இயக்க ஆசை என்றார் ஸ்பீல்பெர்க். அதைவிடச் சிறந்த ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று சொல்லித்தான் லூகாஸ் இந்த நாயகனைப் பற்றி அவரிடம் கூறினார். பாண்ட் மேல் கொண்ட ஆசையிலிருந்து பிறந்த நாயகனுக்கு, திரையின் முதல் பாண்டையே தந்தையாக்கியது எவ்வளவு பொருத்தம்! தந்தை மகனைக் கூப்பிடும் விதத்தை, அதைக் கேட்டு மகன் எரிச்சலடைவதைக் கவனியுங்கள். 2008-இல் அந்த எரிச்சல் கைமாறுகிறது. கானரி நான்காம் படத்துக்குத் திரும்ப இசையவில்லை. நண்பர் மார்கஸ் பிராடியாக நடித்த டென்ஹோம் எலியட் 1992-இல் காலமாகிவிட்டார். இவர்கள் இருவரும் உடனிருக்கும் கடைசிப் படம் இது என்ற நினைவோடு பாருங்கள்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இடைப்பட்ட ஆண்டுகளில், 1992, 93-இல் ஒளிபரப்பான இளம் ஜோன்ஸ் பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றும் உண்டு. அது விருப்பமானவர்களுக்கு மட்டும்.

2008-இன் படம்: அதன் காலத்தை ஏற்றுக்கொண்டு பாருங்கள்

நான்காம் படத்தைப் பற்றிய பெரும்பாலான குறைகள் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பறக்கும் தட்டு, அணுகுண்டு, வேற்றுலக மண்டையோடு ஆகியவை ஜோன்ஸின் உலகத்துக்கு அந்நியமானவை என்பது அந்தக் குறை. ஆனால் கதை 1957-க்கு நகர்ந்துவிட்டது. முதல் மூன்று படங்கள் 1930-களின் தொடர்படங்களை மாதிரியாகக் கொண்டவை. 1950-களில் ஒரு கதையை வைத்தால், அந்தக் காலத்துச் சிறு முதலீட்டு அறிவியல் புனைகதைப் படங்களை மாதிரியாகக் கொள்வதே முறை என்று லூகாஸ் வாதிட்டார். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், நாஜிகளின் இடத்தில் சோவியத் படையினர் வருவதும், பேராசிரியரையே கம்யூனிஸ்ட் என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் ஐயுறுவதும், ஆளில்லாத மாதிரி ஊருக்குள் அவர் அணுகுண்டுச் சோதனையின் நடுவே சிக்கிக்கொள்வதும் ஒரே கயிற்றில் கோத்தவையாகத் தெரியும். குளிர்பதனப் பெட்டிக்குள் ஒளிந்து அவர் பிழைப்பது நம்பத்தக்கதல்ல என்பது உண்மைதான். இரண்டாம் படத்தில் ரப்பர் படகோடு விமானத்திலிருந்து குதித்துப் பிழைத்ததும் நம்பத்தக்கதல்ல. அந்தச் சில நிமிடங்களின் முடிவில், எழும்பும் காளான் மேகத்தின் முன்னால் தொப்பியணிந்த சிறிய உருவம் ஒன்று நிற்கிறதே, அதைப் பாருங்கள். புராதனப் பொருள்களின் மர்ம சக்தியைத் தேடியலைந்தவர், தன் காலத்து மனிதர்கள் செய்த சக்திக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறார்.

தொடக்கத்தில் அவர் அறிமுகமாகும் விதத்தை முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். காரின் பின்பெட்டியிலிருந்து இழுத்துத் தரையில் தள்ளப்படுகிறார். முதலில் தொப்பி, பிறகு காரின் மேல் விழும் நிழல் அந்தத் தொப்பியை அணிந்துகொள்கிறது, அதன் பிறகே முகம். 27 ஆண்டுகளுக்கு முன் நிழலிலிருந்து தானாக வெளியே வந்த அதே மனிதர். பேராசிரியரின் மேசை மேல் இருக்கும் இரண்டு நிழற்படங்களையும் தவறவிடாதீர்கள்.

அளவுகோலை இப்போது எடுங்கள். கல்லூரி வளாகத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் துரத்தல் பழைய முறையில், உண்மையான தெருக்களில், உண்மையான வேகத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது, அது தேறுகிறது. காட்டுக்குள் நடக்கும் நீண்ட துரத்தலின் பின்பாதி தேறவில்லை என்பதே என் தீர்ப்பு. இரண்டு வண்டிகளில் கால் வைத்து வாள் சண்டை நடக்கிறது, குரங்குகளோடு கொடியில் ஊசலாட்டம் நடக்கிறது. எதிலும் எடை இல்லை, விழுந்தால் வலிக்கும் என்ற உணர்வு இல்லை. லாரிக்கு அடியில் பள்ளம் தோண்ட வேண்டியிருந்த காலத்துக்கும் கணினியில் காட்டையே வரைந்துவிடலாம் என்ற காலத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஆனாலும் மரியனாகக் கேரன் ஆலன் மீண்டும் தோன்றும் கணத்தில் ஃபோர்டின் முகத்தில் மலரும் சிரிப்பு கணினி தந்ததல்ல.

2023-இன் படம்: இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள்

'டயல் ஆஃப் டெஸ்டினி' 154 நிமிடம் ஓடும். ஐந்திலும் நீளமானது இதுதான். இடையில் நிறுத்தாமல் பாருங்கள். ஸ்பீல்பெர்க் இயக்காத முதல் ஜோன்ஸ் படம் இது; 'லோகன்' என்ற படத்தில் மூப்படைந்த ஒரு நாயகனின் கதையைச் சொன்ன ஜேம்ஸ் மேன்கோல்ட் இதை இயக்கினார். அவர் ஸ்பீல்பெர்க்கைப் போலக் காட்சியைக் கட்டுபவர் அல்ல என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு உட்காருங்கள். மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் நடக்கும் ஆட்டோ துரத்தலில் முதல் படத்தின் தெளிவைத் தேடினால் கிடைக்காது. அவருடைய வலிமை வேறிடத்தில் இருக்கிறது.

படத்தின் முதல் இருபத்தைந்து நிமிடம் போல, இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் நடக்கிறது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் பாதுகாத்து வைத்திருந்த பழைய படச்சுருள்களின் துணையோடு, ஃபோர்டின் முகம் இளமையாக்கப்பட்டிருக்கிறது. தொழில்நுட்பத்தை வியந்துகொண்டே கண்ணை மூடிக் குரலைக் கேளுங்கள். அது 80 வயதை நெருங்கியவரின் குரல். இந்தப் பொருந்தாமையைக் குறை என்று பலர் சொல்கிறார்கள். அடுத்து வரும் காட்சி மாற்றத்தை நினைத்துப் பார்த்தால், அந்த இளமை சற்றுப் பொருந்தாமல் இருப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் ஓடும் ரயில் மேல் சண்டையிட்ட அந்த இளைஞரிடமிருந்து படம் நேரே 1969-க்குத் தாவுகிறது: மேலாடை இல்லாமல் நாற்காலியிலேயே உறங்கிவிட்ட ஒரு முதியவர், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வரும் உரத்த இசையால் திடுக்கிட்டு விழிக்கிறார். தளர்ந்த தோள், வெளுத்த தோல், கலைந்த நரை. ஃபோர்ட் இதில் எதையும் மறைக்கவில்லை. நடிகர் ஒருவர் தன் உடலைக் கதைக்கு இதைவிட நேர்மையாகக் கொடுக்க முடியாது.

அடுத்தது நான் முன்னரே சொன்ன வகுப்பறை. நிலவில் மனிதன் இறங்கிவிட்டான். விண்வெளி வீரர்களுக்கு நியூயார்க்கில் ஊர்வலம் நடக்கிறது. உலகமே எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாளில், கடந்த காலத்தைப் பாடமாக நடத்தும் ஒருவர் முன்னால் மாணவர்கள் தூங்கி வழிகிறார்கள். முதல் படத்தின் முன்வரிசையை நினைவில் வைத்திருப்பவர், படம் எதையும் சொல்லாமலேயே எல்லாவற்றையும் புரிந்துகொள்வார். மரியனும், முதல் படத்திலிருந்தே ஜோன்ஸின் நண்பரான சல்லாவும் எப்போது, எப்படி வருகிறார்கள் என்பதைச் சொல்லப்போவதில்லை. எதிர்நாயகனாக வரும் மேட்ஸ் மிக்கெல்சனின் பாத்திரம், போருக்குப் பின் அமெரிக்க விண்வெளித் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்ட ஜெர்மானிய அறிவியலாளர்களின் உண்மை வரலாற்றிலிருந்து பிறந்தது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

தேடப்படும் கருவிக்கும் உண்மையான வேர் உண்டு. கிரேக்கத் தீவான ஆன்டிகிதெராவின் அருகே மூழ்கிக் கிடந்த பழங்காலக் கப்பலிலிருந்து 1901-இல் வெண்கலப் பற்சக்கரங்கள் கொண்ட ஒரு கருவியின் சிதைந்த துண்டுகள் எடுக்கப்பட்டன. சூரிய, சந்திர இயக்கத்தையும் கிரகணங்களையும் கணிப்பதற்காகச் செய்யப்பட்ட அது இன்று ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ஆர்க்கிமிடிஸே செய்தார் என்பதும், அதற்குப் படம் தரும் ஆற்றலும் கற்பனை. கி.மு. 212-இல் ரோமானியர்கள் சிராக்யூஸ் நகரைக் கைப்பற்றியபோது ஆர்க்கிமிடிஸ் கொல்லப்பட்டது வரலாறு. படம் பார்ப்பதற்கு முன்பு இந்த ஓர் ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டால், இறுதிப் பகுதியில் நிகழ்வதைத் தடுமாற்றமின்றிப் பின்தொடரலாம். அந்த இறுதிப் பகுதி பலருக்கு அத்துமீறலாகத் தோன்றியது. வாழ்நாள் முழுவதும் பழங்காலத்தை நேசித்தவருக்கு நிகழ்காலத்தில் பிடிமானம் எதுவும் இல்லாமல் போனால் அவர் எதை விரும்புவார் என்ற கேள்வியோடு பார்த்தால், அதை இந்த வரிசையின் மிகத் துணிச்சலான பகுதி என்றே நான் சொல்வேன். வசூலை வைத்து எடைபோட வேண்டாம்; 2008-இன் படம் உலக அளவில் ஏறத்தாழ 79 கோடி டாலர் ஈட்ட, இது அதில் பாதி அளவே ஈட்டியது என்பது படத்தின் தரத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. படம் முடிந்ததும் எழுந்துவிடாமல், ஐந்து படங்களுக்கும் இசையமைத்து, இது வெளிவந்தபோது 91 வயதாகியிருந்த ஜான் வில்லியம்ஸின் இறுதி இசையையும் கேட்டுவிடுங்கள்.

நேரம் குறைவாக இருந்தால்

ஐந்தையும் பார்க்க இயலாதவர்கள் முதல், மூன்றாம், ஐந்தாம் படங்களை அந்த வரிசையில் பார்க்கலாம். தந்தை மகன் உறவில் அக்கறை கொண்டவர்களுக்கு இந்த மூன்றுமே ஒரு நிறைவான கதையாக அமையும். இரண்டாம் படத்தை விடுவதால் ஐந்தாம் படத்தின் கதையில் எதுவும் குறையாது. நான்காம் படத்தை விடுவதானால் மட்டும், மரியனுக்கும் ஜோன்ஸுக்கும் இடையே அதில் என்ன நடந்தது என்பதை அதைப் பார்த்தவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். அல்லது அதன் கடைசிக் காட்சியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். அது தெரியாமல் போனால், 1969-இல் அந்த வீட்டில் அவர் தனியாக இருப்பது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பது பிடிபடாது.